‘ஆக்வர்ட்’ என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் வழியில் படித்துவிட்டு, வேலைக்காக ஆங்கிலம் பேசிப் பழக வருகிறவர்களுக்குச் சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அகராதியைப் புரட்டிய பிறகும் சந்தேகம் தீராமல் அவர்கள் வந்து கேட்கும் சொற்களில் முதலில் நிற்பது ‘ஆக்வர்ட்’. நயமற்ற, சங்கடமான, கையாளச் சிரமமான, ஒத்துழைக்காத என்று அகராதி தரும் பொருள்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதது போலத் தெரியும். உறவு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் இந்தச் சொல்லைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. வகுப்பில் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும், சொல்லும்போது விட்டுப்போனவற்றைச் சேர்த்து, இங்கே தருகிறேன்.

சுருக்கமாக, இதற்கு என்ன பொருள்?

பொருந்தாமல் இருப்பது. கை செய்யும் வேலைக்குப் பொருந்தாமல் தடுமாறலாம். ஒரு பெட்டி கைக்குப் பொருந்தாமல் நழுவலாம். ஒரு கேள்வி கேட்ட இடத்துக்குப் பொருந்தாமல் போகலாம், ஒரு விருந்தாளி வந்த நேரம் வீட்டாருக்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு மனிதர் கூட இருப்பவர்களோடு ஒத்துவராமல் நிற்கலாம். எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் இந்த ஒரே பெயரடையை வைத்துக்கொள்கிறது.

தமிழ் அப்படி இல்லை. எங்கே பொருந்தவில்லை என்று பார்த்து அதற்கேற்ற சொல்லைத் தனித்தனியாக வைத்திருக்கிறது: தடுமாற்றம், வாட்டமின்மை, சங்கடம், கூச்சம், இக்கட்டு, எசகுபிசகு, இடக்கு. அதனால் ‘ஆக்வர்டுக்கு ஒரே தமிழ்ச் சொல் சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால் நான் சொல்வதில்லை. சொன்னால் பாதி இடங்களில் தவறாகிவிடும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் இல்லாத ‘ஆக்’ என்ற சொல் இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கியது. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த வேர் அது. ‘மறுபக்கம் திரும்பிய’, ‘தலைகீழான’ என்று பொருள். வாளை நேராக வீசாமல் புறங்கையால் வீசும் வீச்சை 15-ஆம் நூற்றாண்டுக் கதைகளில் ‘ஆக் ஸ்ட்ரோக்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘வர்ட்’ என்பது திசையைக் காட்டும் விகுதி. ‘ஃபார்வர்ட்’, ‘பேக்வர்ட்’, ‘ஹோம்வர்ட்’ ஆகியவற்றில் வருகிற அதே விகுதிதான். இரண்டையும் சேர்த்தால் ‘தப்பான திசையை நோக்கி’ என்று ஆகிறது. 14-ஆம் நூற்றாண்டில் இது அந்தப் பொருளில் மட்டுமே வழங்கியது.

16-ஆம் நூற்றாண்டில் ‘லாவகமில்லாத, தடுமாறுகிற’ என்ற பொருள் வந்து சேர்ந்தது. மனதில் எழும் சங்கடத்தைக் குறிக்கத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆக, நாம் இன்று அதிகம் கேட்கும் பொருள்தான் வயதில் இளையது. முதலில் திசை, பிறகு உடல், கடைசியில் மனம் என்று இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போக வேண்டியது கோணலாகத் திரும்பிவிட்டது என்ற பழைய படம் இன்றும் எல்லாப் பொருளுக்கும் அடியில் இருக்கிறது.

எழுத்துக்கூட்டும் உச்சரிப்பும்?

ஏ, டபிள்யூ, கே, டபிள்யூ, ஏ, ஆர், டி. நடுவில் ஒரு ‘கே’, அதற்கு இரு பக்கமும் ஒரு ‘டபிள்யூ’. இரண்டாவது டபிள்யூவை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ‘ஆக்’, ‘வர்ட்’ என்று பிரித்து எழுதிப் பார்த்தால் விடாது.

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில். முதல் உயிர் ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் இடைப்பட்டது. பிரிட்டனில் அது ‘ஓ’ பக்கம் சாயும், அமெரிக்காவில் பலர் ‘ஆ’ பக்கம் சாய்வார்கள். இரண்டாம் அசையை நம்மவர்கள் ‘வார்டு’ என்று நீட்டிவிடுகிறார்கள். நீட்டக் கூடாது, ‘வெட்’ என்பதுபோல் சட்டென்று முடிய வேண்டும். நீட்டினால் விருது என்று பொருள்படும் ‘அவார்ட்’ போலக் கேட்கும். சொல் உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘ஆன்’ வரும்: ‘ஆன் ஆக்வர்ட் கொஸ்டின்’.

ஆக்வர்டும் கிளம்ஸியும் ஒன்றுதானே?

உடல் அசைவைச் சொல்லும்போது மட்டும் இரண்டும் பக்கத்தில் வரும். அப்போதும் ஒரு வித்தியாசம் உண்டு.

‘கிளம்ஸி’ என்பது கைதவறும் குணம். தம்ளரைத் தட்டிவிடுகிறவர், நிலைப்படியில் இடித்துக்கொள்கிறவர், கையில் எடுத்ததைக் கீழே போடுகிறவர். குளிரில் மரத்துப்போன கை என்ற பழைய பொருளிலிருந்து வந்த சொல் அது. மரத்த விரலால் எதையாவது பிடித்துப் பார்த்திருந்தால் ‘கிளம்ஸி’ உங்களுக்கு உடனே புரிந்துவிடும். ‘ஆக்வர்ட்’ எதையும் கீழே போட வேண்டியதில்லை. நடை இயல்பாக இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, நாட்டியத்தில் கால் ஒரு தாளமும் உடல் ஒரு தாளமுமாகப் போகிறது. இதெல்லாம் ஆக்வர்ட். முதல் முறை வேட்டி கட்டிய பையன் நடப்பது ஆக்வர்ட். அந்த வேட்டி தடுக்கிப் பாயசத்தைக் கொட்டிவிட்டால் கிளம்ஸி.

கிரிக்கெட் வர்ணனை கேட்கிறவர்களுக்கு இந்தப் பொருள் பழக்கமானது. எல்லைக்கோட்டருகே பாய்ந்து பந்தைப் பிடித்த வீரர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் ‘ஹி லேண்டட் ஆக்வர்ட்லி’ என்பார்கள். அழகில்லாமல் விழுந்தார் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கி விழுந்தார் என்பதுதான் செய்தி. ‘எசகுபிசகா விழுந்துட்டான்’ என்று நம் வீட்டில் சொல்வதற்கும் இதற்கும் இம்மியளவும் வித்தியாசம் இல்லை. எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லின் மொழிபெயர்ப்புகளில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது வேறில்லை. ‘ஆக்வர்ட் பவுன்ஸ்’ என்றால் ஆடுகிறவரால் முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் எழும் பந்து.

ஒரு பெட்டியைப் போய் ‘ஆக்வர்ட்’ என்கிறார்களே?

பெட்டி சங்கடப்படவில்லை, தூக்குகிறவர்தான் சிரமப்படுகிறார். ‘இட்ஸ் நாட் ஹெவி, ஜஸ்ட் ஆக்வர்ட் டு கேரி.’ கனமில்லை, ஆனால் பிடிப்பதற்கு வாட்டமாக இல்லை. வீடு மாற்றும்போது மெத்தையை மாடிப்படியில் இறக்கியவர்களுக்குத் தெரியும், கனம் வேறு, இது வேறு.

‘வாட்டம்’ என்ற சொல்லைப் பட்டறைக்காரர்களும் பிளம்பர்களும் கொத்தனார்களும் நாள் முழுவதும் சொல்கிறார்கள். ‘ஸ்பேனர் போட வாட்டமில்ல சார்’ என்றால் ஆங்கிலத்தில் அது ‘ஆன் ஆக்வர்ட் ஆங்கிள்’. குழாய்க்குப் பின்னால் கை நுழையாத இடத்தில் இருக்கும் மறை ‘இன் ஆன் ஆக்வர்ட் ப்ளேஸ்’. இங்கே ‘சங்கடமான இடம்’ என்று மொழிபெயர்த்தால் படிக்கிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

‘ஆக்வர்ட் சைலன்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர், அங்கே இருக்கும் ஒரு பெண்ணிடம், ‘மாப்பிள்ளை வரலையாம்மா?’ என்று கேட்டுவிடுகிறார். அவர்கள் பிரிந்து ஆறு மாதமாகிறது, கேட்டவருக்கு மட்டும் தெரியாது. அதற்குப் பிறகு வரும் அந்தச் சில விநாடிகள்தான் ‘ஆக்வர்ட் சைலன்ஸ்’. யாரும் கோபப்படவில்லை, யார் மீதும் குற்றமில்லை. ஆனாலும் எல்லோருக்கும் இலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இதை இயந்திர மொழிபெயர்ப்பில் ‘மோசமான அமைதி’ என்று பார்த்திருக்கிறேன். அது தவறு. அந்த அமைதியில் மோசம் எதுவும் இல்லை. ‘அருவருப்பான’ என்றும் ஒரு வசனப் பட்டையில் பார்த்தேன், அது இன்னும் பெரிய தவறு. அருவருப்பு வயிற்றைப் புரட்டுவது. இங்கே புரள்வது வயிறு அல்ல, உட்கார்ந்திருக்கிற ஆள்தான் நெளிகிறார்.

‘சங்கடமான மௌனம்’ என்று எழுதலாம், தவறில்லை, செய்தித்தாளுக்குப் போதும். ஆனால் நம் மொழியில் கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் பெயர்ச்சொல்லை நாடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். வினையில் சொல்லிவிடுகிறார்கள். ‘பேச்சு அப்படியே அறுந்தது.’ ‘யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.’ ‘எல்லோரும் நெளிந்தார்கள்.’ ‘அவர் மென்று விழுங்கினார்.’ ஆங்கிலம் அந்த நிலைக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டு நகர்கிறது. தமிழ் அந்த நிலையில் உடல் என்ன செய்தது என்று காட்டுகிறது. மொழிபெயர்க்கிறவர் அடைமொழியைத் தேடிக் களைக்காமல் அங்கிருப்பவர்களின் கையையும் கண்ணையும் பார்த்தால் வாக்கியம் தானாக வந்துவிடும்.

‘தர்மசங்கடம்’ சரியான சொல் இல்லையா?

சில இடங்களில் மட்டும். இரண்டு கடமைகள் ஒன்றையொன்று மறுக்கும்போது எழுவது தர்மசங்கடம். நண்பனின் ரகசியத்தைக் காப்பதா, அவன் மனைவி நேரில் கேட்கும்போது உண்மையைச் சொல்வதா? அப்படி மாட்டிக்கொண்டவரை ஆங்கிலத்தில் ‘இன் ஆன் ஆக்வர்ட் பொசிஷன்’ என்பார்கள். ‘இக்கட்டான நிலை’ என்றும் சொல்லலாம். ஆனால் மின்தூக்கியில் அறிமுகமில்லாத ஒருவரோடு பேச்சில்லாமல் நிற்பது தர்மசங்கடம் ஆகாது. அங்கே கடமை எதுவும் மோதவில்லை, வெறும் கூச்சம்தான். அந்தப் பெரிய சொல்லைச் சின்ன விஷயத்துக்குச் செலவழித்துவிட்டால், உண்மையான தர்மசங்கடம் வரும்போது சொல்வதற்குச் சொல் இருக்காது.

‘ஐ ஆம் ஆக்வர்ட்’, ‘ஐ ஃபீல் ஆக்வர்ட்’, ‘இட் இஸ் ஆக்வர்ட்’: எது சரி?

மூன்றும் சரியான ஆங்கிலம். மூன்றுக்கும் பொருள் வேறு. வகுப்பில் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

‘ஐ ஃபீல் ஆக்வர்ட்’ என்றால் இந்த நேரத்தில் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நாளைக்கு இராது. ‘ஐ ஆம் ஆக்வர்ட்’ என்றால் என் சுபாவமே அப்படி, நாலு பேர் நடுவில் எனக்கு இயல்பாகப் பழக வராது. நேர்காணலில் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் ‘ஐ ஃபீல் எ பிட் ஆக்வர்ட்’ என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் ஆக்வர்ட்’ என்றுவிட்டால், தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பே சொல்லிக்கொண்டதாக ஆகிவிடும். ‘இட் இஸ் ஆக்வர்ட்’ என்றால் சூழல் அப்படி, என் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை.

ஏன் குழம்புகிறது? ‘போர்ட்’, ‘போரிங்’ என்று ஆங்கிலம் உணர்கிறவருக்கு ஒன்றும் உணர வைப்பதற்கு ஒன்றுமாகப் பிரித்துக் கொடுப்பதைப் பழகியிருக்கிறோம். ‘எம்பாரஸ்ட்’, ‘எம்பாரஸிங்’ அப்படித்தான். ஆக்வர்டில் அந்தப் பிரிவினை இல்லை, வினைச்சொல்லும் இல்லை. ஆகவே ‘ஹி ஆக்வர்டட் மீ’ என்றோ ‘ஐ ஆம் ஆக்வர்டிங்’ என்றோ சொல்ல முடியாது. ‘ஹி மேட் மீ ஃபீல் ஆக்வர்ட்’ என்று சுற்றி வர வேண்டும். விஷயத்தைச் சங்கடமாக்கிவிட்டார் என்பதற்கு ‘ஹி மேட் திங்ஸ் ஆக்வர்ட்’.

இன்னொரு பிழை நம் தாய்மொழியிலிருந்து நேராக வருவது. ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பதில் உள்ள ‘கு’ உருபை அப்படியே ‘டு’ ஆக்கி ‘இட் இஸ் ஆக்வர்ட் டு மீ’ என்கிறோம். ‘ஃபார் மீ’ என்பதே வழக்கு. ‘டு’ வந்தால் அதன் பின்னால் வினை வர வேண்டும்: ‘இட்ஸ் ஆக்வர்ட் டு ஆஸ்க்’, கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஒரு காரியத்தைப் பற்றிய தயக்கம் என்றால் ‘அபௌட்’: ‘ஐ ஃபீல் ஆக்வர்ட் அபௌட் ஆஸ்கிங் ஹிம் ஃபார் மனி’. ஒருவகை மனிதர்களோடு இயல்பாகப் பழக வராது என்றால் ‘வித்’: ‘ஹி இஸ் ஆக்வர்ட் வித் சில்ட்ரன்’. பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதி வைத்தால் மறக்காது.

எம்பாரஸ்ட், அஷேம்ட், ஷை: இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒரே மேடையை வைத்துச் சொல்கிறேன். ஒரு பெண் கல்லூரி விழாவில் பேச எழுகிறாள்.

பேசவே தயங்கி, பெயர் கூப்பிட்ட பிறகும் தோழியின் பின்னால் ஒளிந்தால் அவள் ‘ஷை’, கூச்ச சுபாவம். மேடையேறி, ஒலிவாங்கி எட்டாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றால் அவள் நிற்பது ‘ஆக்வர்ட்’. தலைமை விருந்தினரின் பெயரை மாற்றிச் சொல்லி, கூட்டம் சிரித்து, முகம் சிவந்தால் ‘எம்பாரஸ்ட்’. இப்போது வருவது வெட்கம், மானம் போன உணர்வு, அதைப் பார்க்க நாலு கண் வேண்டும். அந்தப் பேச்சு இன்னொருத்தி எழுதியது, அதைத் தனது என்று சொல்லிப் பேசினாள் என்றால், இரவில் தனியாகப் படுத்திருக்கும்போது அவளுக்கு வருவது ‘அஷேம்ட்’. அங்கே யாரும் பார்க்க வேண்டியதில்லை, மனசாட்சி ஒன்று போதும். குற்ற உணர்வோடு கூடிய நாணம் அது.

ஆக்வர்டில் தவறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல மாணவர்கள் ‘ஐ ஆம் அஷேம்ட் டு ஸ்பீக் இங்கிலீஷ்’ என்று எழுதுகிறார்கள். எந்தக் குற்றமும் செய்யாமல் குற்றவாளிக் கூண்டில் தாங்களே ஏறி நிற்கும் வாக்கியம் அது. ஒவ்வொரு முறையும் அதை அடித்துவிட்டு ‘ஐ ஃபீல் ஆக்வர்ட் ஸ்பீக்கிங் இங்கிலீஷ்’ என்று மாற்றி எழுதச் சொல்கிறேன். இலக்கணப்படி முதல் வாக்கியத்திலும் பிழை இல்லைதான். ஆனால் புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது என்பதற்கும் செருப்பைத் திருடிவிட்டேன் என்பதற்கும் உள்ள தூரம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கிறது.

‘அன்கம்ஃபர்ட்டபிள்’?

அது அகலமானது. நாற்காலி குத்தினாலும் அதுதான், ஒருவர் பார்வை சரியில்லை என்றாலும் அதுதான். முக்கியமான எச்சரிக்கை ஒன்று. யாராவது எல்லை மீறி நடந்தால் ‘இட்ஸ் ஆக்வர்ட்’ என்று சொல்லாதீர்கள். அது விஷயத்தைச் சாதாரணமாக்கிவிடும், இருவரும் சேர்ந்து மாட்டிக்கொண்ட ஒரு சின்ன அசந்தர்ப்பம் போல ஒலிக்கும். ‘யூ ஆர் மேக்கிங் மீ அன்கம்ஃபர்ட்டபிள்’ என்பதில் செய்தது யார் என்பது தெளிவாக இருக்கிறது. அலுவலகத்தில் புகார் எழுதும் நிலை வந்தாலும் அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

‘ஆக்வர்ட் டைம்’ என்றால்?

தோதுப்படாத நேரம். ‘ஹேவ் ஐ கால்ட் அட் ஆன் ஆக்வர்ட் டைம்?’ என்று கேட்பது தொலைபேசியில் நல்ல பழக்கம். ‘இப்ப பேசலாமா, வேலையா இருக்கீங்களா?’ என்பதற்குச் சமம்.

‘டோன்ட் பி ஆக்வர்ட்’ என்று என் மேலாளர் சொன்னார். நான் என்ன சங்கடப்பட்டேன்?

அவர் பிரிட்டிஷ்காரர் என்றால் அவர் சொன்னது வேறு. ‘இடக்குப் பண்ணாதே’ என்று பொருள். பிரிட்டிஷ் வழக்கில் ஆக்வர்ட் என்பதற்கு வேண்டுமென்றே முட்டுக்கட்டை போடுகிற, எதற்கும் ஒத்துவராத என்ற பொருள் உயிரோடு இருக்கிறது. ‘ஆன் ஆக்வர்ட் கஸ்டமர்’ என்றால் கடைக்கு வந்த வாடிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை, சமாளிக்கச் சிரமமான எந்த ஆளையும் அப்படிச் சொல்வார்கள். அமெரிக்கரிடம் இந்தப் பொருளில் கேட்பது அரிது.

இதோடு சேர்ந்த ஒரு பழைய தொடர் ‘ஆக்வர்ட் ஸ்குவாட்’. படையில் புதிதாகச் சேர்ந்து, வரிசையில் நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் இன்னும் பழகாதவர்களைத் தனியாக நிறுத்திப் பயிற்சி கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு இந்தப் பெயர். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் டம்ஃப்ரீஸ் ஊரின் தொண்டர் படையில் இருந்தவர். 1796-இல் சாகக் கிடந்தபோது, ‘ஆக்வர்ட் ஸ்குவாட் என் மேல் சுட வேண்டாம்’ என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். அடக்கத்தின்போது துப்பாக்கி மரியாதை செய்ய வருகிறவர்கள் சேர்ந்தாற்போல் சுடத் தெரியாதவர்கள் என்பது அவர் கவலை. பிற்காலத்தில் இதே தொடர் தலைமை சொல்வதற்குத் தலையாட்டாதவர்களைக் குறிக்க வந்தது. 2000-களின் தொடக்கத்தில், டோனி பிளேர் அரசோடு மல்லுக்கு நின்ற தொழிற்சங்கத் தலைவர்களைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இந்தப் பெயரால் எழுதின. அடியெடுத்து வைக்கத் தெரியாதவன் என்ற பொருளிலிருந்து, எடுக்க மறுப்பவன் என்ற பொருளுக்கு ஒரு தொடர் நடந்து வந்திருக்கிறது.

‘ஆக்வர்ட் ஏஜ்’?

ரெண்டுங்கெட்டான் வயசு. இதைவிட நன்றாக யாரும் மொழிபெயர்க்க முடியாது.

விடைத்தாள் ஓரத்தில் ‘ஏ, டபிள்யூ, கே’ என்று மட்டும் எழுதியிருந்தது. அது என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள் இதைக் கேட்பார்கள். ‘ஆக்வர்ட்’ என்பதன் சுருக்கம் அது. இலக்கணப் பிழை என்று அர்த்தமில்லை. வாக்கியம் தட்டுத் தடுமாறுகிறது, வாய்விட்டுப் படித்தால் ஓட்டமில்லை, மாற்றி எழுது என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டு வீரர்கள் வாளை வீசிய காலத்துச் சொல், அதே ஒலியோடு ஆசிரியரின் பேனா முனையில் திரும்ப வந்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிறது.

ஒருவரை ‘சோஷியலி ஆக்வர்ட்’ என்று சொல்லலாமா?

தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது நிதானம் வேண்டும். குறைவாகப் பேசுகிறவர், கண்ணைப் பார்த்துப் பேசாதவர், கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர் என்று பலரை இந்த ஒரு சொல்லால் முத்திரை குத்திவிடுகிறார்கள். அவர்களில் ஆட்டிசம் உள்ளவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அது பழக்கத்தால் வந்த குறை அல்ல, உலகத்தை உள்வாங்கும் விதமே வேறு. தமிழில் ‘பழகத் தெரியாதவன்’ என்று சொன்னால் எப்படி உறுத்துமோ ஆங்கிலத்திலும் அப்படியே உறுத்தும். ‘ஹி டேக்ஸ் டைம் டு வார்ம் அப்’ என்று சொல்லிப் பாருங்கள். பழக நேரமெடுப்பார், அவ்வளவுதான்.

கடன் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் மின்னஞ்சலில் இந்தச் சொல் வரலாமா?

தாராளமாக. அங்கே அது ஒரு நல்ல வேலை செய்யும். ‘திஸ் இஸ் எ லிட்டில் ஆக்வர்ட், பட் குட் யூ ரிட்டர்ன் த அமௌன்ட் பை ஃப்ரைடே?’ கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டால், கேட்கப்படுகிறவர் தற்காத்துக்கொள்ள வேண்டிய தேவை குறைகிறது. தமிழில் நாம் ‘தப்பா எடுத்துக்காதீங்க’, ‘கேக்கறேன்னு நினைக்காதீங்க’ என்று தொடங்குவதும் இதே காரியத்துக்குத்தான். ஒரு முறை போதும். அதே மடலில் மூன்று முறை எழுதினால் கோரிக்கை கரைந்துவிடும், பணமும் வராது.

சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்வதற்குத் தமிழ் இலக்கணம் ‘இடக்கரடக்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறது. ‘கால் கழுவி வந்தேன்’ என்பது அதன் வழக்கமான உதாரணம். ஆங்கிலம் பல நேரம் எதிர் வழியில் போகிறது. இது கூச்சமான விஷயம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு, விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறது. நம்மவர்கள் ஆங்கிலத்தில் மடல் எழுதும்போது சுற்றிச் சுற்றி எழுதிக் கடைசி வரியில் விஷயத்தை வைப்பது இந்த வழக்கம் தெரியாததால்தான் என்று நினைக்கிறேன்.

‘கிரிஞ்ச்’ என்று இளைஞர்கள் சொல்வதும் இதுவும்?

கிரிஞ்ச் என்பது பார்ப்பவரின் உடல் கூசிக் குறுகுவது. சங்கடப்பட வேண்டியவர் சங்கடப்படாமல் இருக்க, பார்க்கிற நாம் அவருக்காகக் கூசுகிறோம். அதில் சற்று ஏளனம் கலந்திருக்கிறது. ஆக்வர்டில் ஏளனம் கிடையாது, அதனால் பெரியவர்களிடம் பேசும்போது பாதுகாப்பானது.

தமிழில் பேசும்போதே ‘ஆக்வர்டா இருக்கு’ என்கிறோமே, அது சரியா?

ஊரே சொல்கிறது, நான் தடுக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது நாம் மனச்சங்கடம் என்ற ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெட்டியையும் ஸ்பேனரையும் யாரும் தமிழில் ஆக்வர்ட் என்பதில்லை, அங்கே வாட்டம் இன்னும் இடத்தை விடவில்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘ஆக்வர்ட் பாக்ஸ்’ என்று கேட்கும்போது நமக்குத் திக்கென்கிறது.

மாற்று வேண்டும் என்றால் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பது கையருகே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘ஒரு மாதிரிக் கிடக்கு’ என்பார்கள். எந்த மாதிரி என்று சொல்லாமலே எதிரில் இருப்பவருக்கு முழுவதும் புரிந்துவிடும்.

யாராவது என்னிடம் ‘வெல், திஸ் இஸ் ஆக்வர்ட்’ என்றால் என்ன பதில் சொல்வது?

ஒன்றும் கஷ்டப்பட வேண்டாம். ‘ஐ நோ’ என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ‘ஷல் வீ கெட் சம் காஃபி?’ என்று எழுந்துவிடுங்கள்.